நாற்பத்தொரு பூட்டிய வீடுகள்

அப்பாவுக்கு ஆபீஸில் கடைசியாக மிஞ்சிய பெயர் 'நாற்பத்தொண்ணு'. "என்ன நாற்பத்தொண்ணு, டீ ஆச்சா?" என்று கூட வேலை பார்த்தவர்களே கேட்டார்கள். அவரும் "ஆச்சுப்பா" என்பார். வேறென்ன சொல்வார்?

இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர். நாய்க்குப் பயப்படுவார், மாடிப்படிக்கு மாட்டார். மீட்டர் எந்தக் குழிக்குள் கிடந்தாலும் முட்டி போட்டு, டார்ச் அடித்து, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் எண்ணை எழுதுவார். வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் சைபர் போட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுவார்கள். இவர் மூன்று தடவை போவார்.

காகிதம் போய் போன் வந்தது. அதற்கான புரோகிராமை எழுதியது மகள். அவள் கம்பெனிக்கு அந்த வேலை கிடைத்திருந்தது. குழிக்குள் சிக்னல் எடுக்காது என்பதால் பதிவுகள் அவரவர் போனின் பிரவுசருக்குள்ளேயே சேரும்படி செய்திருந்தாள். அப்பாவுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள்.

"பூட்டின வீட்டுக்கு என்னம்மா போடறது? சைபரா?"

"சைபர் போட்டா மீட்டரே சைபர்ல நிக்குதுன்னு ஆயிடும்பா. ரீடிங்கைக் காலியா விடு. குறிப்புல பூட்டுன்னு எழுது."

"அதானே. பாக்காததை எப்படி எழுதறது?"

மூன்றாம் மாதம் மேலதிகாரி கூப்பிட்டார். கொடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு வீடு. போன் திரையில் முந்நூற்று எழுபத்தொன்று. "மீதி நாற்பத்தொண்ணு எங்க பெரியவரே? எங்க உக்காந்து காத்து வாங்கினீங்க?"

எல்லா வீட்டுக்கும் போனேன் என்றார் அப்பா. யாருக்கும் உதைக்காத கணக்கு அவருக்கு மட்டும் உதைத்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டார். "உன் புரோகிராம் தப்பா எண்ணுமாம்மா?"

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எண்ணுற வேலையில தப்பு வராதுப்பா. நீதான் எங்கேயாவது சேவ் பண்ணாம விட்டிருப்பே."

அவர் மறுபடி கேட்கவில்லை. மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஸ்டோர் ரூமில் உடைந்த மீட்டர்களுக்குக் காவலாக அவரைப் போட்டார்கள். எட்டு மாதம். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

இருபது நாள் கழித்து மகள் அவருடைய போனைத் துடைத்து வைக்க எடுத்தாள். புரோகிராம் அப்படியே இருந்தது. அந்த மாதத்தின் பதிவுகளை மொத்தமாக எண்ணச் சொன்னாள். நானூற்றுப் பன்னிரண்டு என்றது. தான் எழுதிய வழியில் எண்ணச் சொன்னாள். முந்நூற்று எழுபத்தொன்று.

அவள் எண்ண வைத்திருந்தது பதிவுகளை அல்ல, ரீடிங் இண்டெக்ஸை. அது புத்தகத்தின் கடைசியில் வரும் சொற்பட்டியல் மாதிரி. ஒரு பக்கத்தில் அந்தச் சொல் இல்லையென்றால் பட்டியலில் அந்தப் பக்கம் வராது. அதற்காகப் பக்கம் கிழிந்துவிட்டதாக ஆகாது. ரீடிங் காலியாக இருந்த பதிவு எதுவும் இண்டெக்ஸுக்குள் நுழையவே இல்லை. சைபர் போட்டவர்கள் எல்லாரும் நுழைந்தார்கள். காலியாக விடச் சொன்னவளும் அவள்தான், காலியாக விட்டதை எண்ணாமல் போனவளும் அவள்தான். ஒற்றை வரி. சரிபார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

நாற்பத்தொன்றையும் திறந்தாள். 'பூட்டு. 3 தடவை.' 'பூட்டு. 3 தடவை. பக்கத்து வீட்டில் சொல்லியாச்சு.' ஒன்றுகூட விடுபடவில்லை.

அம்மா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப போயிருக்காரா? எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்மா."

அம்மாவின் கை நின்றது. "பொண்ணு செஞ்சது பொய் சொல்லுமான்னு நான்தான்டி அவரைக் கேட்டேன். வேலைக்குன்னு கிளம்பி எங்க சுத்தினீங்கன்னு கேட்டேன். எட்டு மாசம் முகம் குடுத்துப் பேசலை."

"தப்பு என்னோடதும்மா."

"உன்னோடதுதான். என்கிட்ட சொல்லி இறக்கி வச்சிட்டே. நான் யார்கிட்டடி போய் இறக்கி வைப்பேன்?"