ஒரு வியாழக்கிழமையை மீட்டெடுத்தேன்

மனிதனின் உழைப்பை இயந்திரம் விழுங்குகிறது என்று கல்லூரி மேடைகளில் நான் முழங்கிய காலம் உண்டு. கைதட்டல் கிடைத்தது, கோப்பைகளும் கிடைத்தன. சொன்னது பிழை. இயந்திரம் எதையும் விழுங்குவதில்லை. குளிரூட்டிய அறையில் ஒருவர், தம் தேநீர் ஆறுவதற்குள், திரையில் ஒரு மெனுவைத் தேர்ந்தெடுத்து ‘ஆம்’ என்று அழுத்துகிறார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உழைப்பு நடக்காததாகிவிடுகிறது. அந்த மெனு முன்பு கால் மணி நேரம் ஓடும். அரை நிமிடத்தில் முடியும்படி அதைத் திருத்திக் கொடுத்தவன் நான். பாராட்டினார்கள், மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைக்கும்போது இன்றும் பற்கள் தாமாகக் கடித்துக்கொள்கின்றன.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குள் போனால், இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ஒரு ரோலிங் மில். அங்கே கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குப் புரியாத ஒன்று எனக்குப் புரியும் என்ற கர்வத்தில், சாதாரணச் செய்தியைக்கூட முன்னுரை, முடிவுரையோடுதான் சொல்வேன்.

மில்லின் வாயிலில் ஒரு பலகை. அதன் ஆணிகளில் எண் பொறித்த பித்தளை டோக்கன்கள். ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது தம் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போடுவார். டைம் ஆபீஸ் எழுத்தர் பெட்டியைக் கவிழ்த்து, எண்களைக் கணினியில் ஏற்றுவார். வருகை அட்டவணையில் இருப்பவை எண், தேதி, ஷிப்ட் ஆகியவை மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது வேறோர் அட்டவணையில் இருந்தது.

ஒப்பந்தம் முடியும் நாளில் ஒரு சடங்கு நடக்கும். எல்லா டோக்கன்களையும் கோணிப்பையில் கொட்டிக் குலுக்கி, அதே ஆட்களுக்கு வேறு வேறு எண்களாகத் திருப்பிக் கொடுப்பார்கள். நேற்று வரை அறுபத்தொன்றாக இருந்தவர் இன்று நூற்றுப் பதினேழு. மில்லின் பார்வையில் இன்றுதான் வேலைக்கு வந்தவர். அதே நாளில், நான் திருத்திக் கொடுத்த அந்த மெனுவை அழுத்தி, வருகை அட்டவணையையும் துடைத்துவிடுவார்கள். தொடர்ந்து இத்தனை நாள் உழைத்தவர் தம்மை நிரந்தரமாக்கக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாள்களை எவரும் சேர்த்துக் காட்டக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ‘டோக்கனைக் குளிப்பாட்டறது’ என்று எழுத்தர் இதற்குப் பெயர் வைத்திருந்தார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்டில், பெரியபாளையம் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தொழிலாளியின் வலக்கை உருளைகளுக்கிடையே சிக்கியது. மூன்று விரல்கள் போயின. மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனாலும் அடுத்த திங்களன்றே டோக்கன்களைக் குளிப்பாட்டிவிட்டார்கள், அட்டவணையும் துடைக்கப்பட்டது. பிறகு, மில்லுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் கூசாமல் ஒரு கதை சொன்னார். அந்த ஆள் வியாழனன்று வேலைக்கே வரவில்லையாம். முன்தினம் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரை எடுக்க உள்ளே வந்தவர், இயந்திரத்தருகே வேடிக்கை பார்த்தாராம். வேலையில் இருந்தார் என்று நிரூபித்தால்தான் தொழிலாளர் காப்பீட்டில் அவருக்கு ஈடு கிடைக்கும். இல்லையென்றால் வேடிக்கை பார்த்தவரின் கை. அதற்கு எவரும் பொறுப்பில்லை.

பத்து நாள் கழித்து அவர் கட்டுப்போட்ட கையோடு வாயிலுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. நான்தான் வெளியே போய்ப் பார்த்தேன்.

“நான் அன்னிக்கு வரவே இல்லன்றாங்க தம்பி. கம்ப்யூட்டர்லயே இல்லியாம்,” என்றார். “கை மட்டும் தனியா வந்து மெஷின்ல மாட்டிக்கிச்சா இன்னா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே பணியாளர் மேலாளரின் அறைக்குப் போனேன். சனிக்கிழமைதோறும் மொத்தத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பாகச் சுருட்டி சிடி தட்டில் எழுதி வைப்பது என் வேலை. விபத்து நடந்தது வியாழன். அட்டவணையைத் துடைத்தது திங்கள். இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அந்தத் தட்டில் வியாழக்கிழமை உயிரோடு இருக்கிறது என்றேன். அவர் பதறவில்லை. பழைய கோப்பைக் கணினியில் திருப்பி ஊற்றினால் சனிக்கிழமைக்குப் பின் எடைமேடையில் ஏறிய லாரிகளும் ஏற்றுமதியான சரக்கும் பதிவிலிருந்து மறைந்துபோகுமே, ஒருவருக்காக மில்லையே பின்னுக்கு இழுப்பாயா என்று புன்னகையோடு கேட்டார். அதோடு என் வாய் அடைத்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் முழுவதையும் ஊற்றத் தேவையில்லை. அந்தக் கோப்பிலிருந்து ஓர் அட்டவணையை மட்டும் பிரித்தெடுத்து அதன் இடத்தில் வைக்கலாம், மற்றவை அசையாது. அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். அந்த இறுமாப்போடு, மறுவார்த்தை சொல்லாமல் வெளியே வந்தேன். பதிலை மேடைக்காக வைத்துக்கொண்டேன்.

மேடை அடுத்த புதன்கிழமையே கிடைத்தது. விசாரணைக்காகக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். மேலாளரின் அறையில் ஒப்பந்தக்காரர், எழுத்தர், கையில் துண்டு சுற்றிய தொழிலாளி எல்லோரும் இருந்தார்கள். அன்று காலையே நான் வருகை அட்டவணையை மீட்டு வைத்திருந்தேன். வியாழன், காலை ஷிப்ட், அன்று அந்தத் தொழிலாளியிடம் இருந்த டோக்கன் அறுபத்தொன்று, வருகை. திரையில் அந்த வரியைப் பார்த்ததுமே எனக்குள் ஒரு முரசு ஒலித்தது. வழக்கமான அறிக்கையை ஓட்டி அச்சிட்டு, அதைப் படித்துப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் கவனமெல்லாம் பேசப்போகும் வாக்கியங்களில் இருந்தது.

எழுந்து நின்று பேசினேன். அழிக்கப்பட்ட நாள் என்றேன், அழியாத சாட்சி என்றேன், வியர்வைக்கு எண் மட்டும் கொடுத்து முகத்தைப் பறித்துக்கொண்ட வாயில் என்றேன். ஒப்பந்தக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏற்ற இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. முத்தாய்ப்பாகத் தாளை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். மீண்டும் படித்தார். பிறகு தொழிலாளியிடம் அவர் பெயரைக் கேட்டார். அறுபத்தொன்றுக்கு நேரே வேறொரு பெயர் இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வருகையைப் பழைய சனிக்கிழமையிலிருந்து எடுத்தேன். பெயரை இன்றைய பட்டியலிலிருந்து எடுத்தேன். நடுவே அந்தக் கோணிப்பை. நான் ஒவ்வொரு முறையும் பார்த்துச் சிரித்த சடங்கு அது, மறந்துபோனேன்.

மேலாளர் அறுபத்தொன்றாம் எண்காரரை உள்ளே அழைத்துவரச் சொன்னார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாக வந்த ஒருவர், எதற்கென்று தெரியாமல் இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்து விரல்களும் இருந்தன.

“திங்கக்கிழமை சேந்தவன் வியாழக்கிழமையே வேலை செஞ்சிருக்கான்,” என்றார் மேலாளர் ஆய்வாளரிடம். “நம்ம தம்பியோட கம்ப்யூட்டர் ஜோசியமும் பாக்குது சார்.”

சிரித்தார்கள். நான் வெறுமனே தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன். தோற்ற மேடைகள் எனக்கும் உண்டு. இங்கே நான் எதிரணிக்குச் சான்று சேர்த்துக் கொடுத்திருந்தேன். இனி அந்தக் கணினி எதைச் சொன்னாலும் நம்பவேண்டியதில்லை என்று என் தாளே சாட்சி சொல்லிவிட்டது. தொழிலாளி சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. துண்டு சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மூன்று மணி வரை மில்லில் இருப்பதாகவும் வேறு ஏதேனும் இருந்தால் அதற்குள் தரலாம் என்றும் ஆய்வாளர் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் கணினி அறைக்கு ஓடினேன். தட்டு இன்னும் உள்ளேயே இருந்தது. இந்த முறை டோக்கன் பட்டியலையும் அதே சனிக்கிழமையிலிருந்து எடுத்தாக வேண்டும். ஆனால் இன்றைய பட்டியலின் மேல் அதை வைத்தால் வாயிலில் இருக்கும் அத்தனை பேரின் எண்ணும் குழம்பிவிடும். ஆகவே வேறொரு பெயரில் பக்கத்திலே இறக்கி, பழைய எண்ணைப் பழைய பெயரோடு சேர்க்க வேண்டும். காலையிலேயே செய்திருக்க வேண்டியது. அவசரத்தில் கட்டளையை மூன்று முறை பிழையாக அடித்தேன்.

எழுத்தர் வந்து பின்னால் நின்றார். மேலாளர் அனுப்பியிருக்கலாம். பழைய பட்டியல் திரையில் இறங்கியது. அறுபத்தொன்று, பெரியபாளையத்துக்காரரின் பெயர். எழுத்தர் அதைப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அந்த டோக்கன நான்தான் அடிச்சேன் தம்பி. ஆளு வந்தாரு, எனக்குத் தெரியும். ஆனா என்னிய சாட்சிக்கு இஸ்துடாத. சொன்னேன்னா நாளிக்கு நானும் கோணிக்குள்ள பூடுவேன்.”

தெரிந்திருந்தும் காலை முழுவதும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்! அவர் மேல் பாய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் அச்சப்பட்டு மறைத்ததை நான் ஆரவாரம் செய்து மறைத்திருந்தேன். எவர் மேல் பாய்வது?

அச்சுப்பொறி கிறீச்சிட்டு முடித்தது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்தேன். ஆய்வாளரிடம் கொடுத்து, எந்தத் தேதியில் எழுதிய தட்டு, எண்கள் எந்த நாளில் மாறின என்பவற்றை மட்டும் சொன்னேன். அவர் ஒப்பந்தக்காரரிடம், எல்லோருக்கும் ஒரே நாளில் எண் ஏன் மாறியது என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். தாள் கோப்பில் ஏறியது. விபத்து வேலை நேரத்தில் நடந்தது என்று ஆய்வாளர் எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் போனதும் மேலாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தோளில் தட்டினார். இவ்வளவு முக்கியமான தட்டுகள் ஒரு சாதாரண அலமாரியில் கிடக்கலாமா, என் அறையில் பத்திரமாக இருக்கட்டும், சாவியைக் கொடு என்றார். கொடுத்தேன். வென்றவனின் பெருந்தன்மையோடு, புன்னகையோடு கொடுத்தேன். அலமாரியைத் திறந்து, மூன்று ஆண்டுகளின் தட்டுகளை நானே அட்டைப்பெட்டியில் அடுக்கி, அவர் அறைக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன்.

தொழிலாளி வாயிலுக்கு வெளியே, தேநீர்க் கடையில் காத்திருந்தார். செய்தியைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஒரு தேநீர் சொல்லிவிட்டு, தமக்கு வந்த கிளாஸை இடக்கையால் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

“மூணு வருசமா இங்க வந்துகினு கீறேன் தம்பி. எத்தினி வாட்டி டோக்கன் மாத்தினாங்கன்னு எனக்கே தெரியாது. அந்த நாளெல்லாம் கூட தட்டுல இருக்குமா?”

இருக்கும் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதியவன் நான்தானே.

“என்னோட வேல செஞ்சவங்க நாளும்?”

“எல்லாமே இருக்கும் அண்ணே.”

“அப்ப அத்தயும் எடுத்துட்டினா, நாங்க அல்லாரும் போய்க் கேக்கலாமே.”

முந்தைய நாள் அவர் இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் எடுத்திருப்பேன். இத்தனைக்கும் அவர் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. நானே யோசித்திருக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் மூன்று ஆண்டுகள் என் கைக்கெட்டும் தூரத்தில், என் பூட்டுக்குள் இருந்தன. அவற்றிலிருந்து ஒரே ஒரு காலை ஷிப்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழுவதும் பெட்டியில் அடுக்கித் திருடனிடமே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் அவன் தட்டிய தோளிலேயே சுமந்துகொண்டு.

நான் மறைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சொன்னேன். சாவியைக் கொடுத்துவிட்டேன் என்றேன். எந்த முன்னுரையும் வரவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பெட்டி இருக்கும் மேலாளரின் அறை எந்தப் பக்கம், அதன் ஜன்னல் ரோட்டைப் பார்த்திருக்கிறதா, அதில் கம்பி உண்டா என்று கேட்டார். கட்டுப்போட்ட கையை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.