மலரக்கா விற்க மறுத்த கோப்பைகள்

மலரக்கா போய்விட்டார். காலையில் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தாள்... பஸ்ஸில் நின்றபடியே வாசித்தேன்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவருடைய பலசரக்குக் கடையைத் தெரியாத தமிழர் குறைவு. என் குறும்பால் என்னையும் அவர்களுக்குத் தெரியும், "அந்தக் குரங்கோ?" என்று கேட்கும் அளவுக்கு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினாறு வயது.

கடையில் இலங்கையிலிருந்து வந்த கடலழிஞ்சில் மரக் கோப்பைகள் இருந்தன. சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர்கள், இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிய எழும்பிக் குடிப்பார்கள்.

ஒருநாள் மருந்துக் கம்பனிக்காரன் ஒருவன் வந்து, இருந்த அத்தனை கோப்பையும் வேண்டும் என்றான். குடிக்க இல்லை... ஆய்வுகூட லாப்பில் அரைத்து, மருந்து எடுக்கலாமா என்று பார்க்க.

அக்காவுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. நான்தான் மொழிபெயர்ப்பு.

"டேய், கேள். மருந்து வந்தா எங்கடை நாட்டுக்கு என்ன குடுப்பினமாம்? அங்கை ஒரு லாப் கட்டுவினமோ? எங்கடை பெடியளுக்கு அதிலை வேலை குடுப்பினமோ?"

கேட்டேன். சிரித்தான். வெறும் கோப்பைதானே, கடையில்தானே வாங்குகிறேன் என்றான்.

"கோப்பைதான் என்ரை. மரம் நாட்டின்ரை. அங்கை போய்க் கேக்கச் சொல்லு."

வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. ஆனாலும் ஒன்றுகூட விற்கவில்லை.

என் கை சும்மா இருக்குமா? அவன் பின்னால் ஓடிப்போய், "அக்காவுக்குத் தெரியாமல் ஒன்று எடுத்து வந்தேன்" என்று நீட்டினேன். பள்ளிக்கூட மரவேலை வகுப்பில் நான் செய்த பேனாக் கோப்பை. அசல் பைன் மரம்! கார்டைத் தந்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனான்.

திரும்பி வந்து சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

"விசரா! அதை அரைச்சுப்போட்டு, கடலழிஞ்சிலிலை ஒண்டுமில்லை எண்டு எழுதினால்? நாளைக்கு எங்கடை ஆக்களே லாப் கட்டி மருந்து கண்டுபிடிச்சாலும் ஆர் நம்புவினம்?"

என் பகிடியை நானே திரும்ப எடுக்க வேண்டி வந்தது. எனக்கு அது புது அனுபவம்.

அந்த இடத்திலேயே, கார்டில் இருந்த முகவரிக்குக் கடிதம் எழுத வைத்தார். "நீங்கள் அரைக்கப் போவது என் ஹோம்வேர்க். உண்மையான மரத்துக்கு இலங்கையைக் கேளுங்கள். என்ன தருவீர்கள் என்பதை முதலில் எழுத்தில் தாருங்கள்."

கடைசி வரி அக்காவுடையது. கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார், பெரிதாக.

பதில் வரவில்லை. கடிதத்தின் போட்டோகொப்பி கல்லாவுக்குப் பின்னால் வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது. கடையை ஒரேயடியாகப் பூட்டிய அன்று அதைக் கிழியாமல் உரித்து என்னிடம் தந்தார்.

"பதில் வந்தா சொல்லு."

இன்னும் வரேல்லை அக்கா. இண்டைக்கு மத்தியானம் அந்தக் கடிதத்தைக் கம்பனிக்குத் திரும்ப அனுப்பியிருக்கிறன், உங்கடை கையெழுத்தோடையே.

போயிட்டு வாங்கோ.