கிடை நாய் டவுனுக்கு வந்த கதை

ஆடுகளை விற்றுவிட்டு 1998இல் கோவில்பட்டிக்கு வந்த சிவனாண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மனைவி பார்வதியம்மாள். மற்றது செவலை என்ற நாய். அவருக்கு மில்லில் பஞ்சுப் பொதி இறக்கும் வேலை கிடைத்தது. தங்க, காம்பவுண்டுக்குள் ஒரு வாடகை வீடு அமைந்தது. செவலைக்குத்தான் டவுன் ஒத்துவரவில்லை. சைக்கிள் மணிக்குக் குரைத்தது. பக்கத்து வீட்டில் குடம் நகர்ந்தாலும் குரைத்தது.

"அது கண்ணுக்கு எமன் தெரியுது" என்றார் வீட்டுக்கார அம்மா. காலை முதல் மாலை வரை எமன் அந்தக் காம்பவுண்டுக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பினான் என்று நாம் நம்ப வேண்டும்! மந்திரித்த கயிறு வாங்கிக் கழுத்தில் கட்டினார்கள். நாய் கயிற்றோடு குரைத்தது.

தெருக்கூட்டும் ராமலட்சுமியைக் கண்டால் குரைப்பு இன்னும் கூடும். "பாத்தியா, நாய்க்கே ஆளு தரம் தெரியுது" என்று அதே அம்மா சிரித்தார். நாய்க்குத் தெரிந்தது நீளக் கம்பில் கட்டிய விளக்குமாறு மட்டுமே. தரம் பிரிக்கும் நோய் மனிதருடையது. அதை நாயின் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம்.

வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் தீர்ப்புச் சொன்னார்: "தை பொறந்தா நாயி இங்கன இருக்கக் கூடாது வே. இருந்தா நீரும் கெளம்பிரும்."

சிவனாண்டி நாயை அடித்துப் பார்த்தார். பிறகு அடித்த கையாலேயே தடவிக் கொடுத்தார். எங்கே கொண்டுபோய் விடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி புடைத்தபடி நாயையும் கணவரையும் கவனித்துக்கொண்டிருந்த பார்வதியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏங்க, நாயி குரைச்சதும் நீங்க ஏன் கத்துதீய?"

"நான் எங்க கத்துதேன்?"

"இப்பதான 'எவம்லே அது'ன்னீய. அது உடனே திரும்பி உங்களப் பாத்துட்டு இன்னும் ரெண்டு பங்கு குரைக்குது."

கரிசல் காட்டில் ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போட்டிருக்கும்போது நாய் குரைத்தால் காவலாள் குரல் கொடுக்க வேண்டும். ஆள் விழித்திருக்கிறான் என்று திருடனுக்குத் தெரிய வேண்டுமே. அந்தப் பழக்கம் சிவனாண்டியின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அவர் அதட்டுவதாக நினைத்தார். நாயோ, வேலை ஒழுங்காக நடக்கிறது, எசமானும் கூடச் சேர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து அவர் வாயை மூடினார். செவலை குரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும், பதில் வராது. மறுபடி குரைக்கும். ஓய்ந்து நின்ற அந்தக் கணத்தில் பார்வதியம்மாள் ஓர் உருண்டை கம்பஞ்சோறு போடுவார். ராமலட்சுமி வந்தபோது பார்வதியம்மாள் சோற்றுச் சட்டியையே அவரிடம் நீட்டினார். "நீயே போடு தாயி. அது அமைதியானதும் போடு."

"கடிக்காதுல்லா?"

"அதுக்கு ஒங்கிட்ட என்ன பகை?"

வீட்டுக்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். செவலை திருப்பவில்லை. கார்த்திகை முடிவதற்குள் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டாலே வாலாட்டத் தொடங்கிவிட்டது.

கம்பஞ்சோற்று வைத்தியத்தை மனைவி சொல்லிக் கேட்டிருந்த சௌந்தரபாண்டியன், தை பிறந்ததும் நேரில் பார்க்க வந்தார். இரும்புக் கேட் கிரீச்சிட்டது. செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரே ஒரு உறுமல். பிறகு மறுபடி படுத்துக்கொண்டது.

உள்ளே குளித்துக்கொண்டிருந்த சிவனாண்டியிடமிருந்துதான் வந்தது: "எவம்லே அது?"

சௌந்தரபாண்டியன் திடுக்கிட்டு நின்றார். பார்வதியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாயி இருக்கட்டும் தாயி" என்றார் சௌந்தரபாண்டியன், சிரிப்பை அடக்கியபடி. "அதைப் பழக்கிட்டே. உள்ளே இருக்கானே, அவனுக்கும் ரெண்டு உருண்டை போட்டுப் பாரு."