பிளேடு தீட்டப் போய் பெல்ட் போன கதை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, மாலையில் நிச்சயதார்த்தம் நடக்கவிருந்த எங்கள் மகள், அதற்காக முந்தின நாளே திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மைத்துனன். வேறு யாரும் வர வழியில்லை. ஹர்த்தால், கடையும் இல்லை, வண்டியும் ஓடாது. மாப்பிள்ளை வீட்டார் வேன் களியக்காவிளையில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றது. ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்ததும் கிளம்பி ஏழுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் கவலை வேனைப் பற்றியது அல்ல, தாடியைப் பற்றியது. நாற்பத்தொரு நாள் விரதம் முடித்து, மலைக்குப் போய்வந்து, முந்தின இரவுதான் மாலையைக் கழற்றியிருந்தேன். காலையில் சலூனுக்குப் போனால் ஆயிற்று என்று படுத்தேன். விடிந்தால் எங்கள் ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தாடியோடு பார்த்ததில்லை. வீட்டில் ஏதோ துக்கம், அதை மறைக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால்?

“ஆறு மணிக்குப் பெட்டிக்கடை தொறந்துருவான் அத்தான். ஓடிப் போயி ஒரு பிளேடு வாங்கிட்டு வந்துருதேன்” என்றான் மைத்துனன். தாடி வைத்த பையன், அவனுக்கென்ன?

“தொறக்கலன்னா?”

“தொறப்பான்.”

“தொறக்கலன்னா?”

“அவங்ககிட்ட பேசாதடா. மழை வந்தாலும் இப்படித்தான், வரலன்னாலும் இப்படித்தான்” என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டில் பிளேடு கேட்கலாம். ஆனால் அடுத்தவர் பிளேடில் என்னென்ன கிருமி இருக்குமோ. என்னிடம் இருந்தது விரதத்துக்கு முன்பு பலமுறை இழுத்துத் தேய்ந்த ஒரே ஒரு பழைய பிளேடு. அப்போதுதான் அலமாரிக்கு மேல் இருந்த பிளேடு தீட்டும் கருவி நினைவுக்கு வந்தது. சாலை மார்க்கெட் பக்கம் ஒரு ஆக்ரிக்கடையில், அதாவது பழைய இரும்புக்கடையில், சாமான்களுக்கு நடுவே பார்த்து, என்றைக்காவது உதவும் என்று வாங்கிப் போட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் பிளேடைப் பூட்டி, அடியிலிருக்கும் உருளையால் தோல் வாரின் மேல் உருட்ட வேண்டும். போகும்போது பிளேடின் ஒரு பக்கம் தோலில் தேயும். திரும்பும்போது உருளை சுற்றுகிற சுற்றில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளேடைக் கவிழ்த்து மறுபக்கத்தைத் தேய்க்கும். கூடவே ஒரு தாளும் இருந்தது. இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், படத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

வாருக்கு மைத்துனனின் பெல்ட். நிச்சயத்துக்கென்று எண்ணூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய அசல் தோல். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை அவன் கையிலேயே கொடுத்தேன்.

“அத்தான், இது புதுசு, பாத்துக்கிடுங்க.”

“நீ இறுக்கிப் பிடி.”

இருபது தடவை உருட்டினேன். நம்புங்கள், வலது கன்னம் வெண்ணெயாக வந்தது. மகள்கூட எட்டிப் பார்த்து, “கொள்ளாமே அப்பா!” என்று மலையாளத்தில் மெச்சினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இடது கன்னத்துக்கு முன்னால் மறுபடி தீட்டும்போது, கருவியிலிருந்து ‘கிரீச்’சென்று ஒரு சத்தம். துரு. துரு என்றால் கீறல், கீறல் என்றால் டி.டி. ஊசி, ஊசி போட எந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? கதவு கிரீச்சிட்டாலும், கால் பிசகினாலும், தலை காய்ந்தாலும் எங்கள் வீட்டில் மருந்து ஒன்றுதான். தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கருவிக்கும் விட்டேன். பெல்ட்டுக்கும் தாராளமாகத் தடவினேன்.

சத்தம் நின்றது. உருளையும் நின்றது. எண்ணெயில் அது சுற்றாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சுற்றாததால் பிளேடு கவிழவில்லை. கவிழாத பிளேடோடு நான் வேகமாகத் திருப்பி இழுத்தேன், விளிம்பு நேரே தோலுக்குள் இறங்கியது.

மைத்துனன் அரைப் பெல்ட்டோடு பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். பிளேடு இரண்டாக ஒடிந்திருந்தது.

மகள் அந்தத் தாளை எடுத்து வாசித்தாள். “வார் எப்பவும் உலர்ந்திருக்கணும்னு முதல் வரியிலயே இருக்கு. என்கிட்ட கேட்டா போராயிருந்நோ? வாசிச்சுச் சொல்லியிருப்பேன்ல?”

“அக்கா, அத்தான் முகத்தைப் பாரு. பாதி பொண்ணுக்கு அப்பா மாதிரி, பாதி சாமியார் மாதிரி” என்றான் அவன்.

மணி ஐந்து. முழுத் தாடிக்காவது சபரிமலை என்று காரணம் சொல்லலாம். அரைத் தாடிக்கு என்ன சொல்வது? “கல்யாணமே நின்னுரும்” என்றேன். “இடது கன்னம் சுவரைப் பாக்குற மாதிரி உக்காந்துக்கிடுங்க” என்றாள் மனைவி.

சரியாக ஆறு மணிக்கு மைத்துனன் ஓடினான், ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு. பெட்டிக்கடை திறந்திருந்தது. வேன் வாசலில் வந்து நின்றபோது நான் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னது: “என்ன சம்பந்தி, முகம் பளபளன்னு இருக்கு!” மழித்த கையோடு பூசிய அதே தேங்காய் எண்ணெய்.

நிச்சயம் நன்றாக நடந்தது. எல்லாப் படத்திலும் நான் மழமழவென்று நிற்கிறேன். எல்லாப் படத்திலும் மைத்துனனின் ஒரு கை இடுப்பில். அவன் போன் செய்யும்போதெல்லாம் பெல்ட்டைத்தான் முதலில் விசாரிக்கிறான். முந்நூறு கொடுத்தாயிற்று. பக்கிள் இருக்கிற துண்டு உன்னிடம்தானே இருக்கிறது என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. இன்னும் பாக்கி ஐந்நூற்றைம்பது ரூபாய்.