திருப்பிச் சொல்பவள்

மிக்கேலா கோப்பை கழுவும்போதும் நான் சொல்வதைத் திருப்பிச் சொல்வாள். "சோறு ஆறுது, பிள்ளை" என்றால் "சோறு ஆறுது" என்பாள். "வெளியிலை குளிர்" என்றால் "குளிர்" என்று தலையை ஆட்டுவாள்.

லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைநாட்டிலிருந்து பொதுச் சுகாதாரம் படிக்க வந்தவள். மாயா இனம். தாய்மொழி ட்செல்த்தால், ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் கற்றது, ஆங்கிலம் அரைகுறை. என் ஆங்கிலமும் முதியோர் இல்லத்தில் வேலை செய்து பழகியதுதான். ஆகவே என் தமிழில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். முடியும், முடியாது என்பதற்கு 'ஏலும்', 'ஏலாது'; இந்த இரண்டையும் வைத்தே வீட்டில் காலத்தை ஓட்டுகிறாள்.

கீழ் அறையில் குடியிருக்கும் மேரிசாந்திக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது. "அக்கா, உவளுக்கு என்ன நக்கலே? நான் கதைக்கிறதை அப்படியே பழிச்சுக் காட்டுறாள். வாயை மூடு எண்டன். 'வாயை மூடு' எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறாள்!"

வகுப்பிலும் இதே கதை. மற்றவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லவேண்டாம் என்றாராம் ஆசிரியர். அதன் பிறகு அங்கே அவள் வாயே திறப்பதில்லை.

அவள் தாயுடன் வீடியோவில் பேசியதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. மகள் ஒரு வசனம் சொன்னால் தாய் அதன் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்கிறாள். தாய் சொன்னால் மகள். கேட்டுக்கொண்டேன் என்று அவர்கள் காட்டுவது அப்படித்தானாம். சும்மா இருந்து கேட்பது மரியாதையில்லை.

தாய்க்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன கிழமை காலின் படம் வந்தது. இரண்டு விரல்கள் கறுத்து, கறுப்பு மேலே ஏறியிருந்தது. இப்படியான கால்களுக்கு மருந்து கட்டியே ஓய்வு பெற்றவள் நான்.

"அன்ரி, மருந்து ஏலும்?"

"ஏலாது, பிள்ளை. வெட்டத்தான் வேணும்."

"வெட்டத்தான் வேணும்" என்றாள். விளங்கித்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. போனில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

நேற்று மாலை தாயைச் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அந்த வார்டில் தாயின் மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. டாக்டர் ஸ்பானிஷில் சொல்ல, அதை மகள்தான் தாய்க்குச் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். உடனே வெட்டாவிட்டால் உயிர் போய்விடும் என்றாராம். மிக்கேலா ஏதேதோ சொன்னாள். தாயும் சாவகாசமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"காலை வெட்டுறதைச் சொன்னனியோ?"

"ஏலாது, அன்ரி."

"சுத்தி வளைக்காதை. சொல்லு. நேரம் போகுது."

சொன்னாள். தாய் திருப்பிச் சொல்லவில்லை. மறுபடியும் சொன்னாள். தாய் மகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பிறகு தாய் மெல்ல ஏதோ கேட்டாள். மிக்கேலா போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். ஒரு காலைக் கதிரைமேல் தூக்கி, காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையின் விளிம்பை வைத்து, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.