குப்பூஸ் ஆட்சியும் பரோட்டாப் புரட்சியும்

ரஷ்யாவில் ரொட்டி கிடைக்காமல் புரட்சி வந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் ரூமில் ரொட்டியைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் வந்தது. ரொட்டி என்றால் குப்பூஸ். வட்டமான, உப்பிப்போன, எந்த ருசிக்கும் பிடிகொடுக்காத அரபு ரொட்டி. மூன்று மாதமாக மூன்று வேளையும் அதுதான், பருப்போடு.

ஏழு பேர் இருந்தோம். அடுப்படி முழுக்க மெஸ் அண்ணன் ஆட்சி. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர், எங்கள் கம்பெனியிலேயே வெல்டர். முன்பெல்லாம் அவர் மீன்குழம்பு வைத்தால் பக்கத்து ரூம்காரர்கள் சும்மா நலம் விசாரிக்க வருவார்கள், தட்டோடு. திடீரென்று ஒருநாள் அரிசி நின்றது. ஏனென்று கேட்டால் “அரிசி மாஃபி” என்பார். மாஃபி என்றால் இல்லை. கீழே மளிகைக் கடையில் கூரை முட்ட அரிசி மூட்டை அடுக்கியிருந்தது.

நான் அப்போது ஸ்டோர் டியூட்டி பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வந்த பாடம் ரஷ்யப் புரட்சி. எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் ஏறும். நிலமில்லாத குடியானவர்கள், முதுகொடிக்கும் ஆலை வேலை, போதாததற்கு யுத்தம் என்று நான் முழங்க, நகம் வெட்டிக்கொண்டிருந்த மதுரைக்கார ஏசி டெக்னீஷியன் நிமிர்ந்தான்.

“அம்புட்டுக்கும் அந்த ஜனங்க சும்மாவா இருந்துச்சு?”

“முதல்ல மனு கொடுக்கப் போனாங்க. ராஜா நல்லவருதான், சுத்தி இருக்கவங்கதான் அவர்கிட்ட எதையும் சொல்றதில்லன்னு நம்பி, அவர் படத்தையே தூக்கிக்கிட்டு ஊர்வலமாப் போனாங்க.”

“வாங்கிக்கிட்டாரா?”

“சுட்டுட்டாங்க.”

“நம்ம அண்ணன் தோசைகூடச் சுட மாட்டாரு. எழுதுடா மனு.”

எழுதினேன். பெறுநர்: உயர்திரு மெஸ் அண்ணன் அவர்கள், கிச்சன். பொருள்: சோறு வேண்டுதல் தொடர்பாக. கீழே ஆறு கையெழுத்து. அண்ணன் நிதானமாகப் படித்தார், நாலாக மடித்தார், பருப்புச் சட்டியை இறக்கி அதன்மேல் வைத்தார். மனு திரும்பி வந்தபோது நடுவில் வட்டமாக ஒரு கரி முத்திரை இருந்தது.

மறுநாள் அடுத்த அத்தியாயம். ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்த பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆலைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், கடைசியில் சிப்பாய்களே சுட மறுத்தார்கள். “அத்தோட ராஜா கதை கலாஸ்” என்றேன்.

மதுரைக்காரன் துள்ளி எழுந்தான். “டேய், அண்ணனுக்கு வெங்காயம் உரிக்கிறது யாரு? சட்டி கழுவுறது யாரு? நாமதான்டா சிப்பாயி!”

திட்டம் தயார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் சர்ச்சில் பூசைக்குப் போயிருப்பார். அடுப்படியைக் கைப்பற்றி, சோறு வடித்துவிடுவது. ஆனால் போனில் ‘புரட்சி’ என்று எழுத எல்லோருக்கும் உதறல். எவனாவது படித்துவிட்டால் ஊருக்கு பிளைட் ஏற்றிவிடுவான் என்று பயம். “புரட்டிப் போடுறதுதானே புரட்சி? பரோட்டான்னு எழுது” என்றான் மதுரைக்காரன். அண்ணன் இல்லாத தனி வாட்சாப் குரூப் ஆரம்பித்தோம். நானும் வேகவேகமாக, “வெள்ளி காலை எட்டு மணிக்குப் பரோட்டா. எல்லாரும் தயாரா இருங்க!” என்று அனுப்பினேன்.

அனுப்பியது பழைய மெஸ் குரூப்பில்.

அது எனக்கு வெள்ளிக்கிழமை காலை சத் சத்தென்று கேட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. அண்ணன் பூசைக்குப் போகவில்லை. பனியனெல்லாம் மைதா மாவு, கல்லில் பரோட்டா புரண்டுகொண்டிருந்தது.

“என்னலே முழிக்கிய? வாயத் தெறந்து கேட்டா செய்ய மாட்டனா? மனுவாம் மனு!”

புரட்சியாளர்கள் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு நாலு தின்றோம். அண்ணன் மட்டும் ஓரமாக ஒரு குப்பூஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சாப்பிடலையாண்ணே?”

“சுகர் மக்கா.” குரலைத் தாழ்த்தினார். “அடுத்த டெஸ்டுல கொறையலன்னா தெனம் ஊசின்னு டாக்டர் சொல்லிட்டாரு. பரோட்டான்னா பாத்துட்டு இருந்துருவேன். சோத்தப் பாத்தா கை தானாப் போயிரும்லே.”

“மீன்குழம்பாவது வைக்கலாம்ல?”

“குழம்பு வச்சா அது சோறு கேக்கும்லா!”

ஆழ்கடலில் சுறா பிடித்த மனுஷன் ஊசிக்குப் பயந்து எங்கள் ஏழு பேருக்கும் சோற்றை நிறுத்தியிருக்கிறார். மதுரைக்காரன் சிரிப்பில் புரையேறி, தண்ணீர் குடித்து, பிறகு அண்ணனுக்கும் ஒரு தம்ளர் நீட்டினான்.

அன்றே உடன்படிக்கை ஆனது. வெள்ளிக்கிழமை குழம்பை வைத்துவிட்டு அண்ணன் பூசைக்குப் போவார். நாங்கள் சோறு வடித்துத் தின்று, பானை கழுவி, ஜன்னல் திறந்து, சாட்சியமில்லாமல் செய்துவிட வேண்டும். வந்ததும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். “குழையாம வடிச்சீங்களாலே?” என்பார். “எதைண்ணே?” என்போம்.

டெஸ்ட் முடிவு வந்த அன்று கிளினிக்கிலிருந்தே போன். ஸ்பீக்கரில் போட்டோம்.

“எலே, கொறஞ்சிட்டுலே! ஊசி மாஃபி!”

ரூமே கூத்தாடியது. மறுமுனையில் சின்ன இருமல்.

“மக்கா... அப்போ இன்னைக்கு மட்டும்... ஒரே ஒரு கரண்டி சோறு?”

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓட்டெடுப்பெல்லாம் தேவைப்படவில்லை.

“மாஃபி!”