கதவுக்கு வெளியே வைத்த கோல்

டாக்டரே, நீங்கள் என் வீட்டுக்காரரின் காலைப் பார்க்காமலே எழுதினீர்கள்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவர் அவர். தூக்கிய இரும்புச் சட்டம் நழுவி வலது முழங்காலில் விழுந்தது. காலை எடுக்கவில்லை, அவ்வளவுதான். மடங்காது, பாதத்தில் உணர்ச்சியும் கிடையாது. கோல் இல்லாமல் அவரால் கொல்லைப்புறம்கூடப் போக முடியாது. நான் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறேன். அரசு தரும் மாத உதவித்தொகை கிடைத்தால், மாத்திரை வாங்க என்னிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று நினைத்தார். அதற்கான ஊனச் சான்று வாங்கத்தான் உங்கள் முகாமுக்கு வந்தோம்.

உங்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். பக்கத்திலேயே கோலையும் சாத்தினார்.

"ஏனுங்க, அதை எதுக்கு அங்க வெக்கறீங்க?"

"பெரியவங்க முன்னால தடி ஊனிக்கிட்டா போயி நிக்கறது? கம்முனு இரு புள்ள."

அவருடைய அப்பா பண்ணையக்காரர் வாசலில் அப்படி நின்றவர். இவருக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு போய் உங்கள் மேசையைப் பற்றினார். நீங்கள் கைபேசியிலிருந்து தலையை அரைவாசி தூக்கினீர்கள். "நல்லா நடக்கறியேப்பா." வேட்டியை விலக்கிக் காட்டச் சொல்லவில்லை. நான் கோலைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். "அடுத்த ஆளு" என்றீர்கள்.

'துணையின்றி நடக்கிறார்' என்ற உங்கள் வரியைக் காட்டி உதவித்தொகையை மறுத்தார்கள். மேல்முறையீட்டுக்கும் அதே பதில்.

சென்னை உயர்நீதிமன்றம் போனோம். அங்கும் அரசு வக்கீல் உங்கள் வரியைத்தான் வாசித்தார். நீதிபதி, ஆளை முன்னால் வரச் சொன்னார். எங்கள் வக்கீலம்மாவோடு நான் முன்பே உள்ளே வந்துவிட்டிருந்தேன். இவர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தபோதுதான் பார்த்தேன், கையில் கோல் இல்லை. பெஞ்சு பெஞ்சாகப் பிடித்து வந்தவர் பாதியில் சரிந்தார். ஓடிப்போய்த் தாங்கினேன்.

"கோல் எதுவும் வெச்சுக்கலையா?" என்றார் நீதிபதி.

"இருக்குதுங்க சாமி. வெளிய, செருப்புக்கிட்ட."

யாரோ சிரித்தார்கள். கோர்ட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது இவர் ஒருவர்தான். நீதிபதி சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட போனப்பவும் வெளியதான் வெச்சீங்களா?"

"ஆமாங்க சாமி. அதுதானுங்களே மரியாதி."

மறுத்தது செல்லாது, வேறு மருத்துவர்கள் பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. சேலத்தில் பார்த்தார்கள். முழங்காலை மடக்கிப் பார்த்தார்கள், பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இப்போது உதவித்தொகை வருகிறது.

"போச்சாது, உடு புள்ள" என்கிறார் இவர். இவர் விடுவார். இவருக்கு யார்மேலும் கோபம் வராது. எனக்கு வருகிறது.

நீங்கள் இன்னும் அதே முகாமில்தான் உட்கார்கிறீர்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, உங்கள் வாசலில் செருப்புகளோடு இன்னொரு கோல் சாத்தியிருந்தது. எழுந்து வெளியே வாருங்கள், டாக்டரே. வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: என் வீட்டுக்காரரின் காலை ஏன் பார்க்கவில்லை?